நான்காவது ஒற்றுத்தாள்

பழைய அட்டைக்குத் தண்ணீர் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த, பேஸ்பால் வீரர் படம் போட்ட அட்டையை வெறும் தண்ணீரில் ஊறவிட்டால், எந்தச் சிறுவனோ ஆல்பத்தில் அப்பிவைத்த பசை மட்டும் கழன்றுபோகும். படத்துக்கு ஒன்றும் ஆகாது. பொறுமைதான் வேண்டும். எனக்கு அது நிறைய உண்டு.

நானும் ஆர்வில் கோவாச்சும் வெகுகாலச் சிநேகிதர்கள். இருவரும் சேர்ப்பது கிளீவ்லாந்தின் ஆரம்பகால அணிகளை மட்டும். நியூயார்க் அட்டையை எவன் வேண்டுமானாலும் வாங்குவான். தோற்றே பழகிய ஊரின் அட்டையைச் சேர்க்க மனசு வேண்டும். அதில் ஸ்பைடர்ஸ் என்ற அணியில் எனக்கு ஒரே ஒருவர் பாக்கி, பந்து பிடிக்கும் கேட்சர் எம்மெட் டூலின். அவர் அட்டை கிடைத்தது ஆர்விலுக்கு, யாரோ செத்த வீட்டுச் சாமான் விற்பனையில், ஆல்பத்தில் ஒட்டியபடியே. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை.

அவனுக்குக் கை நடுக்கம். அதனால் ஆல்பத்தை என் பேஸ்மென்ட்டுக்குக் கொண்டுவந்தான்.

"லூடி, உன் கையை நம்பித்தாண்டா குடுக்கறேன். ஒரு மூலை மடங்குச்சு, உன்னைத் தொலைச்சுடுவேன்."

"எனக்கே வித்துடேன்."

"போடா. நான் போனப்பறம் உனக்குத்தான். மார்ஜ்கிட்டயே சொல்லிட்டேன். அதுவரைக்கும் பாத்துப் பெருமூச்சு விடு," என்று சிரித்தான். மார்ஜ் அவன் மனைவி.

ஆல்பப் பக்கத்தைத் தண்ணீரில் ஊறவிட்டு, அட்டை கழன்று வந்த நேரத்தில் ஆர்வில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தான். "மாத்திரைடா... கோட்டுல இருக்கு." கோட்டு படிக்கட்டுக் கைப்பிடியில் தொங்கியது. நனைந்த அட்டை என் கையில். அது ஊறிய ரொட்டி மாதிரி, அவசரப்பட்டால் பிய்ந்துவிடும். அதை ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாளில் கிடத்துவதற்குள் அவன் போய்விட்டான். முதலில் விசாரித்தபோது உங்களிடம் அப்படித்தான் சொன்னேன், ஆபீசர்.

நீங்கள் கெட்டிக்காரர். கொடியில் நான் காயப்போட்டிருந்த ஒற்றுத்தாள்களைத் தொட்டுப் பார்த்தீர்கள். முதல் தாள் சொதசொதவென்றிருந்தது. அடுத்ததில் ஈரம் குறைவு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு. நான்காவதில் ஈரமே இல்லை. ஒரு தாள் அட்டைக்கடியில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். கால் மணி. மாற்றாவிட்டால் அட்டை வளைந்துவிடும், சேர்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தத் தாள்களைக் கசக்கி எறிந்திருக்கலாம். நல்ல தாளை எறிய எனக்குக் கை வரவில்லை.

ஆமாம், முதல் தாளிலேயே என் இரண்டு கையும் காலியாகிவிட்டது. அதை மாற்றும்போது அவன் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தான். "லூடி, மார்ஜைக் கூப்புடுடா."

"ஆட்டாதடா, கை நடுங்குது," என்றேன்.

மூன்றாவது தாளை வைக்கும்போது அவன் கேட்டது அட்டையைப் பற்றித்தான். "மூலை... நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

கண்ணை மூடிக்கொண்டான். நான்காவதை விரிக்கும்போது சத்தமே இல்லை. அட்டை காயும்வரை இருந்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

நான் அவனைத் தொடக்கூட இல்லை. மார்ஜிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: அவன் மூச்சு நிற்கும்வரை அந்த அட்டையை என்னுடையதாக நான் நினைக்கவே இல்லை.