சுருண்ட இலைக்கு ஒரு கரண்டி மோர்

மிளகாய்ச் செடிக்கு வெயில் வேண்டும், சார். ஆனால் உச்சி வெயில் ஆகாது. இது தெரியாமலேதான் பாதிப் பேர் செடியைக் கொல்கிறார்கள்.

என் செடி தாராவியில், நாலாவது மாடிப் பொதுப் பாதையில், ஒரு பெயிண்ட் வாளியில் நிற்கிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் பேசுவது அதனோடு மட்டும்தான். மார்ச்சில் அதன் இலை சுருண்டது. மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப் பூச்சி. எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு மாட்டுங்கா நர்சரிக்குப் போனேன்.

"மருந்து ஜாஸ்திம்மா," என்றார் காசிம் பாய். "பத்து நாள் நிறுத்துங்க. நெழல்ல வச்சு, எலையத் திருப்பி அடிப்பக்கத்த வெறுந்தண்ணியில கழுவுங்க. புதுத் துளிரு தானா நல்லா வரும்."

மருந்து ஜாஸ்தியாம். நாற்பது வருஷம் செடி வளர்த்தவளிடம் சொல்கிறார்.

காரணம் எதிர்வீட்டில் இருந்தது. கலைச்செல்வி துணி துவைத்த சோப்புத் தண்ணீரை என் வாளியில்தான் ஊற்றினாள். ஊற்றி நான் பார்த்ததில்லை. பார்த்துத்தான் தெரிய வேண்டுமா?

ஒருநாள் எல்லாரும் குழாயடியில் நிற்கும்போது சொன்னாள்: "என்னக்கா, ஒங்க செடிக்கும் ஒங்கள மாதிரியே மூஞ்சி சுருங்கிட்டுல்லா!"

பாதையே சிரித்தது. நானும் சிரித்தேன். பல் மட்டும் ஒரு வாரம் வலித்தது.

புளித்த மோர் இலைக்கு நல்லது. அதில் பூச்சி மருந்தைக் கலந்து ஒரு பாட்டிலில் ஜன்னலோரம் வைத்திருந்தேன். குடிக்கிற மோர் ஃபிரிஜ்ஜில். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, சார்: எவ்வளவு சண்டை என்றாலும் உறைமோர் கேட்டால் இல்லை என்று சொல்வதில்லை. அப்படிச் சிரித்த மறுநாளே கலைச்செல்வி கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"யக்கா, பாலு ஆறிட்டு. ஒரு கரண்டி உறைமோரு தாங்களேன்."

தவறிப்போய் எடுத்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். ஒரு கரண்டி கேட்டாள். இரண்டு ஊற்றினேன். அவள் புருஷன் மகேஷ்குமாருக்கு அன்று இரண்டாம் ஷிஃப்ட். வெளியில் சாப்பிட்டான். அவள் தனியாகச் சாப்பிட்டாள். வெயில் காலத்து வாந்தி பேதி என்றார்கள்.

அவள் போய்ப் பதினேழு நாளாகிறது. இப்போது சோப்புத் தண்ணீர் இல்லை. நானும் தினம் இரண்டு வேளை, மதியத்தில்கூட, மருந்து அடிக்கிறேன். அப்படியும் புதுத் துளிர் சுருண்டுதான் வருகிறது.

அப்படியென்றால் ஊற்றியது அவள் இல்லை. மகேஷ்குமார்தான்.

இன்று காலையில் அவனும் கிண்ணத்தோடு வந்தான். தலை நிமிரவே இல்லை. "யக்கா, கொஞ்சம் உறைமோரு," என்றான். கொடுத்தேன்.

மணியைப் பார்க்காதீர்கள், சார். பால் இந்நேரம் உறைந்திருக்கும்.