இடது கால் செருப்பு

ராத்திரி பதினொன்றரை. ஊருக்கு வெளியே பைபாஸ் வளைவு. லாரி சத்தம்கூட இல்லை. அங்கே ஒருவர் குனிந்து எதையோ பொறுக்குகிறார்…

பயப்படாதீர்கள், அவர் பேய் இல்லை. என் நண்பனின் அக்கா வீட்டுக்காரர். ‘தகரம்’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். நசுங்கிய டிபன் பாக்ஸ், உடைந்த கண்ணாடி, சைக்கிள் செயின்… எல்லாவற்றையும் இணைத்து ஆளுயரச் சிலை செய்வார். அடிக்கடி விபத்து நடக்கிற வளைவு அது. பொருளுக்குப் பஞ்சமே இல்லை.

அவருக்கு ஒரு பிடிவாதம். ஒரு சிலைக்கு ஒரே சாலை. அந்தச் சாலையில் விழுந்தது மட்டும்தான் சேரும். கடையில் வாங்கியது, வீட்டில் எடுத்தது… தொடவே மாட்டார்.

அந்த முறை ஒரு பெண் சிலை. நடந்து வருகிற மாதிரி. விடிந்தால் கண்காட்சிக்கு ஏற்றிப்போக வேன் வந்துவிடும். இடது காலுக்கு மட்டும் செருப்பு கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினார்.

“வாசல்ல என் செருப்பு கிடக்கு, மாட்டிவிட்டுட்டு சாப்பிட வாங்க. அந்த இரும்புக்காரிக்கு இருக்கற மவுசு எனக்கு இல்ல,” என்றாள் மனைவி.

“ரோட்டுல விழுந்ததுதான் சேரும்மா.”

“அப்போ ரோட்டுல போட்டுட்டு எடுங்க!”

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் நிஜமாகவே போனார். வளைவில் செருப்பைப் போட்டார். கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வந்து எடுத்தார். சூடாக இருந்தது… இப்போதுதான் யாரோ காலிலிருந்து கழற்றிய மாதிரி.

ஷெட்டில் கம்பியால் சிலையின் காலோடு இறுக்கிக் கட்டினார். கை கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

தட்டில் சாப்பாடு ஆறவில்லை. மனைவி இல்லை.

தெருவெல்லாம் தேடினார். கிணற்றில்கூட டார்ச் அடித்துப் பார்த்தார். சட்டென்று பொறி தட்டியது. ஷெட்டுக்கு ஓடினார். கட்டிங் பிளேயரால் செருப்புக் கம்பியை நறுக்கப் போனார்.

டக்…

தகரத்துக்குள்ளிருந்து, மெல்ல…

“ஏங்க… வலிக்குது.”

சிரிக்காதீர்கள். நண்பன் என்னிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

வேன் காலியாகத் திரும்பியது. மறுவாரம் வளைவில் அவளுடைய ஹேர்க்ளிப் கிடந்தது. பிறகு உடைந்த வளையல் துண்டு. ஒவ்வொன்றையும் கொண்டுவந்து சிலையில் சேர்த்தார்.

“முழுசா சேர்த்துட்டா வந்துடுவாடா,” என்பார் நண்பனிடம். வருஷம் இரண்டாகிவிட்டது. வரவில்லை.

போன வாரம் நண்பன் ஷெட்டுக்குப் போனான். துரு வாடை. அதற்குள் அக்கா தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை. சிலையின் டிபன் பாக்ஸ் முகத்தில் டார்ச் அடித்தான்.

ஒரு பல்.

ஓரம் உடைந்த முன்பல். சின்ன வயதில் சண்டையில் இவன் அக்காவைத் தள்ளிவிட்டு உடைந்தது.

“அத்தான்… தகரத்துல இதை எப்படி ஒட்டினீங்க?”

அவர் நிமிரவில்லை.

“நான் எங்கடா ஒட்டினேன்? முளைச்சிருக்கு… ராத்திரி முழுக்க வலிக்குதுன்னு அழுதா.”