கதவுக்குக் காவல்

— டேய் மதனு, சேலத்துக்குள்ள திரும்பற ரோடு போயிருச்சு. எங்கடா ஓட்டற?

— ஆத்தூருக்குங்க முதலாளி.

— ஆத்தூருக்கா? போர் போடற ரிக்குக்குத் தொளை போடற பிட்டு வாங்கோணும்னுதான என்னை ஏத்துன? நாளைக்குக் காத்தால நாமக்கல்லுல போர் போடோணும். வண்டிய ஓரங்கட்டு.

— நிறுத்த மாட்டனுங்க. போன வாரம் இளவழகன் தோட்டத்துல போட்டமே, அந்தக் குழி தொறந்து கெடக்குதுங்க.

— அட கெரகமே! எண்ணூத்தம்பது அடி போயும் வெறும் புழுதிதான் வந்துச்சு. தண்ணியில்லாத குழிய எவன்டா தூக்கிட்டுப் போவான்?

— மண்ணு சரியாம இருக்க எறக்குன கேசிங் பைப்பையும் உருவிட்டு வந்துட்டமுங்க. குழி வாயில ஒரு சாக்கு, அது மேல நாலு மண்ணாங்கட்டி. அவ்வளவுதான்.

— எல்லா ரிக்குக்காரனும் அப்படித்தான்டா பண்றான். தண்ணி வரலைன்னா பைப்ப உருவிக்கறது, குழியத் தோட்டத்துக்காரன் மூடிக்கறது. இந்த நாச்சிமுத்து நான் மட்டும் என்ன புதுசாவா பண்ணிட்டேன்?

— அவரு மூடலைன்னா?

— போனப் போட்டுக் கேளு. அதுக்கு எதுக்குடா அம்பது கிலோமீட்டரு?

— காத்தாலருந்து பதினாறு தடவை போட்டுட்டனுங்க. ஸ்விட்ச் ஆப். மரவள்ளிக் கெழங்கு லோடு ஏத்திக்கிட்டு ஜவ்வரிசி மில்லுக்குப் போயிருப்பாரு.

— ஒரு வாரமா இல்லாத ஞாபகம் இன்னைக்குக் காத்தால மட்டும் எப்படி வந்துச்சு உனக்கு?

— டீக்கடையில நம்ம ரிக்குப் பையன் அறிவு போன்ல படம் பாத்துட்டிருந்தானுங்க. ஜப்பான்காரங்க பொம்மைப்படம். நான் பள்ளிக்கூடம் போறப்ப டிவில தமிழ்லயே பேசி வரும், சாயங்காலம் அஞ்சரைக்கு. பேய்க்கதைங்க.

— பொண்ணு பாக்கற வயசுல பொம்மைப்படம்! அதுக்குத்தான் என்னைக் கடத்திட்டுப் போறியா?

— கொஞ்சம் கேளுங்க. அதுல ஒரு பையன். செத்தவங்க அவன் கண்ணுக்கு மட்டும் தெரிவாங்க. ஊருக்குள்ள அங்கங்க மண்ணுக்குள்ள கதவு இருக்கும், அது வழியாப் பேயுங்க மேல வரும். இவன் ஒரு மணிய அடிச்சுக்கிட்டே போயி ஒவ்வொரு கதவா மூடுவான். மொதப் பாகம் பூரா இதான். அதுல ஒரு வாரம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு கதவு. மத்தியானப் பசி. மூடாம, ஒரு பலகைய மட்டும் போட்டுட்டு சோறு திங்கப் போயிருவான்.

— நம்ம சாக்கு மாதிரியாக்கும்.

— ஆமாங்க. பாத்த எங்களுக்கே அது மறந்து போச்சு. அடுத்த பாகம் மலை மேல பெரிய போட்டி. எதிரியா வந்தவனெல்லாம் கூட்டாளி ஆவான். அதுக்கடுத்து, பையனோட ரத்தத்துலயே பாதி பேய் ரத்தம்னு தெரிஞ்சு ஊரே அவன ஒதுக்கி வெக்கும். அதையும் தாண்டி வருவான். கடைசிப் பாகத்துல எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்கறப்ப, அந்தப் பலகை நவுருமுங்க.

— சோறு திங்கப் போனானே, அந்தக் கதவா?

— அதேதானுங்க.

— ம்... லாரி வருது, பாத்து ஒதுங்கு. இருவது வருசம் கழிச்சும் இதை ஏன்டா உக்காந்து பாக்கறீங்க?

— அதுக்கப்பறம் வந்த பேய்ப்படம் அத்தனையும் அதோட புள்ளைகுட்டிங்கதானுங்க. நம்ம ரிக்குல இருக்கற பீகார் பசங்களக் கேளுங்க. நான் தமிழ்ல பாத்தேன், அவனுங்க இந்தில பாத்திருக்கானுங்க. அந்த மணிச்சத்தம் கேட்டாப் போதும், தூங்கறவன் எந்திரிச்சு உக்காந்துக்குவான். போட்டி, சண்டையெல்லாம் ஆளாளுக்கு மாத்தி மாத்திச் சொல்லுவானுங்க. அந்தப் பலகைய மட்டும் ஒருத்தனும் மறக்கலைங்க.

— சரிடா. பேய் படத்துல இருக்குது. இளவழகன் தோட்டத்துல என்ன இருக்குது?

— அவரு புள்ளை இருக்குதுங்க.

— எது, கொய்யாக்கா கொண்டாந்து குடுத்துச்சே, அந்தச் சின்னக்குட்டியா?

— பிரவீனா. அஞ்சு வயசு. ரிக்கு ஓடுன ரெண்டு நாளும் நமக்குச் சொம்புல தண்ணி கொண்டாந்தது அதுதானுங்க. புழுதி உழுந்துருமுன்னு சொம்பு வாய ஒரு கையால பொத்திக்கிட்டே நடந்து வரும்.

— ஆமா. பாத்தேன்.

— கதை சொல்லுன்னு கேட்டுச்சு. நாந்தான் இந்தக் கதையச் சொன்னனுங்க. இதுதான் அந்தக் கதவு, ஊரூருக்கு இப்படி நெறையத் தொறந்திருக்கோம்னு போர்க்குழியக் காட்டுனேன்.

— அட பாவி!

— பயந்துக்கிட்டுப் பக்கத்துல போகாதுன்னு நெனச்சனுங்க. அது பயப்படற புள்ளை இல்லை. 'அப்புறம் அந்தக் கதவை யாரு பாத்துக்கிட்டா?'ன்னு கேட்டுச்சு. பலகை நவுந்ததுக்கப்பறம், எதிரியா வந்தவன் ஒருத்தன் அந்த வாசல்லயே உக்காந்து, கூட்டாளி திரும்பி வர்ற வரைக்கும் நவுராமக் காவல் காத்தான்னு சொன்னேன். நாம கெளம்பறப்ப வண்டிக்கிட்ட ஓடியாந்துச்சு. 'அண்ணா, நான் காவல் இருக்கட்டுமா?'

— நீ என்ன சொன்ன?

— 'இரு சாமி. நான் வந்து மூடற வரைக்கும் நீதான் காவல்'ன்னு சொன்னேன்.

— மதனு. இப்ப மணி என்ன?

— அஞ்சேகாலுங்க.

— பள்ளிக்கூடம் உட்டு வந்திருக்கும்.

— ஆமாங்க.

— மிதிடா. நல்லா மிதி.

— வாழப்பாடி தாண்டிட்டமுங்க. இன்னும் இருவது நிமிசம்.

— அந்த ஊர் பஞ்சாயத்துக்காவது ஒரு போனப் போட்டிருக்கலாமில்ல?

— போட்டிருக்கலாம். பைப்ப உருவிட்டுக் குழிய மூடாம வந்தது வெளிய தெரிஞ்சா ரிக்க சீல் வெச்சிருவாங்கன்னு நீங்கதானுங்க எப்பவும் சொல்லுவீங்க. அதுக்குப் பயந்துக்கிட்டு நானும் உட்டுட்டேன்.

— சீல் வெச்சா வெக்கட்டும்டா! அர்த்தநாரீஸ்வரா, அந்தக் குட்டிக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறியே வாரேன்.

— படியேறுங்க. ஆனா சாமி மூடி கொண்டாருவாருன்னு காத்திருக்க முடியாதுங்க. பின்னால திரும்பிப் பாருங்க. இரும்புத் தகடும் ஒரு மூட்டை சிமெண்டும் ஏத்திட்டுத்தான் வந்திருக்கேன்.

— அதா, புளியமரம். எடப்பக்கம் திருப்பு. மரவள்ளிக் காட்டுக்கு அந்தப் பக்கந்தான குழி?

— ஆமாங்க.

— நிறுத்து, நிறுத்து. அங்க என்னமோ செவப்பாத் தெரியுது.

— பள்ளிக்கூடத்துப் பையிங்க.

— புள்ளை எங்கடா?

— அந்தப் பைக்குப் பக்கத்துல. குழி மேலயே... குனிஞ்சு உக்காந்திருக்குதுங்க.

— கூப்புடு! ஏ கண்ணு...

— சத்தம் போடாதீங்க! திடுக்குனு எந்திரிச்சுக் கால் வழுக்குனா? மழை பேஞ்சு மண்ணு இளகிக் கெடக்குது. செருப்பக் கழட்டுங்க. மெதுவா.

— நீ போ. நீ முன்னால போ.

— பிரவீனா... சாமி... அண்ணன் வந்துட்டேன். அசையாத.

— மதன் அண்ணா! வந்துட்டீங்களா!

— எந்திரிக்காத! அப்படியே உக்காரு. அண்ணனுக்குக் கையக் குடு. ரெண்டு கையும். முதலாளி, புடிச்சுட்டேன்! புடிச்சுட்டனுங்க!

— ஐயோ, வலிக்குதுண்ணா. இந்தத் தாத்தா ஏன் அழுவறாரு?

— தாத்தா அழுவல சாமி, அவரு கண்ணுல புழுதி. நீ எது மேல உக்காந்திருந்த?

— ஆட்டுக்கல்லு மேல.

— ஆட்டுக்கல்லா?

— எங்க வீட்டுப் பழைய ஆட்டுக்கல்லு. நீங்க போன அன்னிக்கி அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. கதவு தொறந்திருக்கு, மதன் அண்ணா வர்ற வரைக்கும் நான்தான் காவல், வரமாட்டேன்னு சொன்னேன். அம்மா முதுகுல ரெண்டு வெச்சாங்க. அப்பவும் வரல. அப்புறம் அப்பா வந்து சாக்கைத் தூக்கிப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. அப்புறம் அம்மாவும் அப்பாவும் இந்தக் கல்லை உருட்டிக்கிட்டு வந்து வெச்சு, சுத்தி மண்ணு கொட்டுனாங்க. அதுக்கப்புறம்தான் சோறு தின்னேன்.

— அப்ப இன்னைக்கு எதுக்கு சாமி இங்க உக்காந்திருக்க?

— நீங்க இன்னும் வரலைல்ல? வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டே பாத்துக்கிட்டேன்.

— கேட்டீங்களா முதலாளி?

— கேட்டேன்டா. தகட்ட எறக்கு. சிமெண்ட நானே கொழைச்சுப் பூசறேன், நீ தண்ணி மட்டும் ஊத்து. ஈஸ்வரா, என் வயித்துல பாலை வார்த்த. இதோட முடிஞ்சுது.

— அண்ணா...

— சொல்லு சாமி.

— எங்க ஊருக்கு முன்னாடி நீங்க நெறைய ஊர்ல இந்த மாதிரி கதவு தொறந்தீங்கன்னு சொன்னீங்கல்ல?

— ஆமா சாமி.

— அங்கல்லாம் யாரு காவல் இருக்காங்க?