சிவப்பு ரிப்பனை இடம் மாற்றிக் கட்டியது குறித்து

இந்தப் போலீஸ் வாக்குமூலத்தில் மேலே கண்ட பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்தாறு. ஆராய்ச்சிக்கூடத்தில் பதினேழு வருடமாகக் குரங்குக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, அக்காவோடு இருக்கிறேன். அவளுக்குக் கை நடுங்கும் வியாதி. சாப்பாடு ஊட்டிவிடுவது நான்தான்.

அதே வியாதிக்கான மருந்தை, அந்த நடுக்கத்தை வரவழைத்த பன்னிரண்டு குரங்குகளிடம் சோதித்தார்கள். ஆறுக்கு மருந்து, ஆறுக்கு வெறும் உப்புத் தண்ணீர். ஊசி போடும் அம்மா, குரங்கின் நெஞ்சில் பச்சை குத்திய எண்ணைப் பார்த்துத்தான் போடுவார். அதன் பிறகு பெரிய டாக்டர் வந்து, திராட்சையை நழுவவிடாமல் எடுக்கிறதா என்று பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுவார். எதற்கு மருந்து என்பது அவருக்குத் தெரியக்கூடாது, அந்த விதி சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. ஆனால் வருகிறவர்களுக்குக் காட்ட வசதி என்று மருந்துக் கூண்டுகளில் சிவப்பு ரிப்பன் கட்டச் சொன்னவரே அவர்தான். கட்டியது நான்.

மதிப்பெண் அமோகமாக வந்தது. அடுத்து மனிதர்களுக்குக் கொடுக்கப் பெயர் எழுதினார்கள். அக்கா தன் பெயரையும் கொடுக்கச் சொன்னாள். அவளுக்குப் பேனா பிடிக்க வராது, அதனால் படிவத்தில் அவளுக்காக நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகுதான் கவனித்தேன். ரிப்பன் கட்டிய மூன்றாம் எண் நாலு திராட்சையைக் கீழே போட்டது, அதற்கு எட்டு மதிப்பெண். ரிப்பனை எடுத்துவிடலாமா சார் என்று இரண்டு முறை கேட்டேன்.

"நீ கூண்டைக் கழுவுப்பா. ஆராய்ச்சிய நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, ஊசி போட்டு முடிந்து டாக்டர் வருவதற்கு முன், ஆறு ரிப்பன்களையும் உப்புத் தண்ணீர்க் கூண்டுகளில் மாற்றிக் கட்டினேன். மருந்தைத் தொடவில்லை. டாக்டர் எண்ணைப் பார்க்கவில்லை, ரிப்பனைத்தான் பார்த்தார். அந்த வாரம் முழுக்க உப்புத் தண்ணீர்க் குரங்குகள்தான் குணமாயின. எட்டாம் எண் கை உதறிக்கொண்டே நின்றது, அதற்கு ஒன்பது. தினமும் குறித்த நோட்டை ஒப்படைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் அதைத் திறக்கக்கூட இல்லை, உங்களுக்குப் போன் செய்தார். ஆராய்ச்சியைக் கெடுத்தவன் நானாம். நல்ல நியாயம்.

அக்கா தினமும் கேட்கிறாள்: "உன் குரங்குங்களுக்கு கை நடுக்கம் நின்னுடுச்சாமே, எனக்கு எப்படா?"

ரிப்பன் இல்லாமல், எது எதென்று தெரியாத ஒருவரை வைத்து மறுபடி சோதிக்கட்டும். அப்போதும் கை நடுக்கம் நின்றால் நானே அவளைக் கூட்டிப்போகிறேன். அதுவரை பட்டியலில் அவள் பெயர் வேண்டாம். இன்று வீட்டுக்குப் போய் அவளிடம் இதை நானே சொல்ல வேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. அக்காவின் படிவத்தில் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன். இதில் தெரிந்தே போடுகிறேன்.

(கையொப்பம்)