வாவிக்கரை ஓடுபாதை

நான் இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஐம்பத்திரண்டு வயதாகிறது, கொழும்புக்குப் போவதென்றாலும் ரயில்தான். விமானங்கள்மீது எனக்குப் பெரிய மோகம் இருந்ததென்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன். எனக்குக் கோடுகள்தான் பிடிக்கும். இருபத்தாறு வருடமாக நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருக்கிறேன். வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டைகளின் எல்லைகள், வாய்க்கால்கள், குளக்கட்டுகள் எல்லாம் என் கையால் கீறப்பட்டவை.

நிருஷா வெளியே என் மனைவியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அண்ணன் உதயரூபன் காணாமல் போனதைப் பற்றிக் காலையில் அவள் உங்கள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்து, சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். வாசித்தேன். திகதி சரி. இடமும் சரி. ஆனால் இரண்டாம் பக்கத்தில், அண்ணன் எங்கள் ஊர் விமான நிலையத்தைக் கம்பியூட்டரில் செய்திருந்தார் என்று ஒரு வசனம் இருக்கிறது. அது முழு உண்மை இல்லை. அதைத் திருத்தாமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது. அதைத் திருத்துவதென்றால் மற்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

உதயரூபன் என் மனைவி புஸ்பத்துக்குத் தம்பி முறை. நாவலடியில் ஸ்டூடியோ வைத்திருந்தான். இரண்டாயிரத்து நான்கில் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வவுணதீவில் ஒரு செத்தவீட்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தான். அதனால் பிழைத்தான். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை. மனைவியின் உடலை மூன்றாம் நாள் எடுத்தார்கள். நான்கு வயது மகள் விதுர்ஷா கிடைக்கவேயில்லை. ஊரிலுள்ள கலியாணங்களையெல்லாம் படம் பிடித்தவனிடம் அந்த இருவரின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தங்கை நிருஷாவின் வீடும் கல்குடாவில் கடலோடு போய், அவள் முகாமில் இருந்தாள். ஆகவே அமிர்தகழியில் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நான்காவது அறையை ஒழித்துக் கொடுத்தேன். அப்படி மூன்று வருடத்துக்கு மேல் இருந்தான். இதை யாரும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் எழுதினால் நல்லது.

அவன் சாப்பாட்டைத் தொடாமல் அறைக்குள்ளேயே கிடந்தான். அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்று காத்தான்குடியில் தொலைபேசியும் இணையமும் உள்ள கொமினிகேசன் கடை வைத்திருக்கும் ஸியாமிடமிருந்து விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைச் சீடியில் வாங்கி வந்தேன். உலகத்தில் எந்த ஊருக்கும் அதில் பறந்து போகலாம். உதயரூபன் முதல் நாளே எங்கள் ஊருக்குப் பறந்தான். அங்கே ஒன்றும் இல்லை. வாவி இல்லை, பாலம் இல்லை, விமானத்தளம் இல்லை. வெறும் பச்சைத் தரை.

"எல்லாத்தையும் கடல் கொண்டு போனமாதிரி இரிக்கு அத்தான்," என்றான்.

அந்த விளையாட்டுக்குள் விமான நிலையங்களை நாமே கட்டி வைப்பதற்கு ஒரு மென்பொருள் இருப்பதை ஸியாம்தான் சொன்னான். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் சும்மா போட்டிருந்தான். லைன் அறுந்து அறுந்து, அதை இறக்கி எடுக்க ஸியாமுக்கு நான்கு நாள் பிடித்தது. அதில் வேலை செய்வது எங்கள் கந்தோர் வேலைபோலத்தான். வானத்திலிருந்து எடுத்த படத்தைக் கீழே விரித்து, மேலே கோடு கீற வேண்டும். ஓடுபாதையின் நீளம், அகலம், திசை கொடுக்க வேண்டும். கட்டிடங்களை எடுத்து வைக்க வேண்டும். சேமித்துவிட்டு விளையாட்டைத் திறந்தால், நீங்கள் கீறியது தரையில் நிற்கும்.

நான் கீறினேன். வாவியின் கரையை மட்டும் ஏழு மாதம் கீறினேன். ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு கண்டல் மரத் திட்டும் என்னுடையது. உதயரூபன் சுவர்களையும் கூரைகளையும் படமெடுத்து அவற்றைக் கட்டிடங்களில் ஒட்டினான். பிறகு அவன் நாவலடியைக் கட்டத் தொடங்கினான். சவுக்கு மரங்கள், கோயில், தன் வீடு, வீட்டு வாசலில் மகளின் சிவப்புச் சைக்கிள்.

"இது மேல இருந்து பாத்தாத் தெரியாதே," என்றேன்.

"எனக்குத் தெரியுந்தானே அத்தான்."

நான் தடுக்கவில்லை. அளவுக்கு ஒத்துவராத வேலைதான். இருந்தாலும் அவன் மறுபடி சாப்பிடத் தொடங்கியிருந்தான். புஸ்பத்தோடு பகிடி விட்டான். சில பின்னேரங்களில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, வாவிக்கு மேலால் தாழப் பறந்து இறங்குவோம். அந்த மாதிரிச் சந்தோசம் எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை. என் தொழிலை விளங்கிக்கொண்ட ஒரு மனிதன் எனக்குக் கிடைத்திருந்தான்.

இரண்டாயிரத்து ஏழில் இயக்கத்தின் விமானங்கள் கட்டுநாயக்கா விமானத்தளத்துக்கு வந்து குண்டு போட்டன. அதன்பிறகு வானத்தை அண்ணாந்து பார்ப்பவனையும் சந்தேகித்தார்கள். விமானப்படையிடம் இருந்த எங்கள் ஊர்த் தளத்தைச் சுற்றியுள்ள காவலரண்களைப் படத்தில் போட வேண்டாம் என்று உதயரூபன் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தரையில் இருப்பதைக் காட்டாத படம் படமல்ல. போகிற வருகிற வழியில் பார்த்து, எண்ணி, வீட்டுக்கு வந்து இடம் பிசகாமல் வைத்தேன். பதினொன்று.

அடுத்த வருடம் மாசி மாதம் ஸியாமின் கடைக்குப் போயிருந்தேன். "உங்கட மச்சினன்ட பேரு உலகம் முழுக்கப் போயிட்டு, சேர்," என்று இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான்.

எங்கள் விமான நிலையம் அங்கே இருந்தது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. நோர்வேயிலிருந்து ஒருவர், வாவியின் கரை உயிரோடு இருப்பதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தார். பிரேசிலிலிருந்து ஒருவர் அதையே எழுதியிருந்தார். ஆக்கியவர் என்ற இடத்தில் உதயரூபன் என்று இருந்தது. மனைவிக்கும் மகளுக்கும் சமர்ப்பணம் என்று இருந்தது. அந்த மென்பொருளை எழுதிய, முகம் தெரியாத மனிதனுக்கும் நன்றி சொல்லியிருந்தான். என் பெயர் இல்லை. நான் மூன்று முறை வாசித்தேன். ஸியாம் எனக்குப் பிளேன்டி வாங்கித் தந்தான், குடித்தேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் கேட்டேன். அவன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்:

"கோவிக்காதீங்க அத்தான். உங்கட பேரப் போட்டு, நாளைக்கு ஆரும் வந்து கேட்டா என்ன செய்யிற? நீங்க கவுண்மேந்து உத்தியோகம். ரெண்டு பொம்புளப் புள்ளைகள் இரிக்கு. எனக்கு ஆரு இரிக்கா? புடிச்சா என்னைப் புடிக்கட்டும்."

"காவலரண்?"

"அதுகளையும் எடுத்துட்டுத்தான் போட்டநான். அது கிடந்தா ஒருத்தரும் தப்பேலா."

"சரி தம்பி," என்றேன். புஸ்பம் எனக்கு இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு ஊற்றினாள்.

நீங்களும் இப்போது தலையாட்டினீர்கள். நல்ல காரணம்போலத்தான் கேட்கிறது. அதுதான் அதில் உள்ள பிழை. திருடுகிறவன் காரணம் சொல்லாமல் திருடினால் மன்னித்துவிடலாம். உன்னைக் காப்பாற்றத்தான் உன் பெயரை அழித்தேன் என்று சொல்பவனை என்ன செய்வது? என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறான். பின்னேரம் கம்பியூட்டரில் அவன் வெளியிட்டதைத் திறந்து பார்த்தேன். நான் பதினொரு காவலரண் வைத்த இடங்களில் புல் இருந்தது. நல்ல பச்சைப் புல்.

அதற்குப்பின் நான் அவனோடு ஒரு நாளும் சத்தமாகப் பேசவில்லை. இதைப் புஸ்பத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

என்னிடம் என் பிரதி இருந்தது. காவலரண்கள், முட்கம்பி வேலி, வாசல், எல்லாம் சரியாக உள்ள பிரதி. அதை ஒரு சீடியில் எழுதினேன். படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்தேன். கந்தோரில் அரைநாள் லீவு போட்டேன். எங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று கேட்டால் சொல்கிறேன். ஆனால் அதை எழுதாமல் விடுவது உங்களுக்குத்தான் நல்லது. எனக்கு உட்காரக் கதிரை தந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்தார்கள்.

எட்டு நாள் கழித்து, காலை பத்து மணிபோல, கல்குடாவில் ஒரு சாமத்தியச் சடங்கைப் படம் எடுக்கப் போவதற்காக உதயரூபன் கமராப் பையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தான். வாசலில் வான் ஒன்று வந்து நின்றது. நான் முற்றத்தில் மல்லிகைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் இறங்கி அவனுடைய கையைப் பிடித்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"அத்தான், நீங்க உள்ளுக்குப் போங்க," என்றான். பிறகு, "அக்காவக் கூப்பிடுங்க," என்றான்.

புஸ்பம் குசினியில் இருந்தாள். அடுப்பில் பால் இருந்தது, நான் கூப்பிடவில்லை. வான் போனபிறகு மோட்டார் சைக்கிளை உள்ளே எடுத்து வைத்தேன்.

நிருஷாவுக்காக மனுக்களை எழுதியது நான்தான். இதுவரை பதினேழு. என் கையெழுத்து நன்றாக இருக்கும். போகவேண்டிய இடத்துக்கெல்லாம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மறு வருடம் வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்னபோது, பிடித்து வைத்திருப்பவர்களை இனி விட்டுவிடுவார்கள் என்று அவள் அண்ணனுக்குப் புதுச் சாரமும் சேட்டும் வாங்கிவந்தாள். அவை இன்னும் என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. புஸ்பம் மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் போடுவாள்.

கம்பியூட்டரில் அந்த விமான நிலைய வேலையை நான் விடவில்லை. பல திருத்தங்கள் செய்திருக்கிறேன். நாவலடியில் அவன் கட்டிய வீட்டை எடுத்துவிட்டேன், சைக்கிளையும்தான். இன்று தரையில் இல்லாதவை அவை.

ஆகவே நீங்கள் திருத்த வேண்டிய வசனம் இதுதான்: உதயரூபனும் கனகசிங்கமும் சேர்ந்து செய்தார்கள். கனகசிங்கம் என்று முதலில் எழுதினாலும் பிழையில்லை. பெரும்பகுதி வேலை என்னுடையது. நான் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. எனக்குச் செய்யப்பட்ட ஒன்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சீடியைக் கொடுத்த அன்று அவர்கள் என்னிடம் என்ன கேட்டார்கள் என்கிறீர்கள். அதிகம் கேட்கவில்லை. மேசையில் தாளை விரித்து, வாவிக்கரை நெடுக விரலால் தடவிப் பார்த்தவர் நல்ல தமிழில் ஒன்றே ஒன்று கேட்டார்: இவ்வளவு துல்லியமான படம் ஒருவரால் முடியாதே, இதை யார் யார் சேர்ந்து கீறினார்கள்?

"ஒருத்தரும் சேரயில்ல ஐயா," என்றேன். "எல்லாம் அவர் தனியத்தான் செஞ்சவர்."