ஒட்டினால் போலி

என் கையெழுத்து நன்றாகவே இருக்கும், மேடம். உங்கள் ரைட்டருக்குச் சிரமம் இருக்காது. வருடக்கணக்கில் கரும்பலகையில் எழுதிய கை. "நடந்ததை நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார்" என்று நீங்கள் பேப்பரை நீட்டியபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. இந்த ஸ்டேஷனில் என்னை சார் என்று கூப்பிட்டது நீங்கள் ஒருவர்தான்.

என் பெயர் ஃபிரெட்ரிக். சாந்தோமில், கடலுக்குக் கிட்டத்தில், மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். வீடியோ கேம் பொம்மைகள் சேர்க்கிறேன். இதைச் சொன்னதும் உங்கள் கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். விளையாட்டில் வருகிற ஆட்களை ஜப்பான் கம்பெனிகள் சாண் உயரத்துக்குப் பொம்மையாகச் செய்து, குறைந்த எண்ணிக்கையில் விற்கிறார்கள். ஒன்று வெளியான கொஞ்ச நாளில் அதன் போலி வந்துவிடும். அதே பெட்டி, அதே முகம், பாதி விலை. நம் ஆட்களுக்குப் பாதி விலை என்றால் போதும், கண்ணை அவிந்துபோகச் சொல்லிவிட்டு வாங்குவார்கள். அப்புறம் ஷோகேஸில் வைத்து விளக்குப் போட்டு ஊருக்கெல்லாம் போட்டோ அனுப்புவார்கள்.

இவர்களுக்காகத்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தேன். பூசை முடிந்ததும் நேரே கோபாலபுரம். அங்கே ஒரு நண்பர் வீட்டு மாடியில் சேகரிப்பவர்கள் கூடுவோம். ஐ.டி. ஆட்கள், டாக்டருக்குப் படிப்பவர்கள், அப்பன் காசில் வாங்குபவர்கள். எல்லோருக்கும் இங்கிலீஷ் நன்றாக வரும், பொம்மை பார்க்க வராது. வரிசையாக என் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பேன். டியூப்லைட்டில் பார்த்தால் எல்லாப் பொம்மையும் அசல்தான், பகல் வெளிச்சத்தில்தான் வண்டவாளம் தெரியும். கண்ணின் அச்சு இமையை விட்டு நகர்ந்திருக்கிறதா, இரண்டு பாதியும் சேருகிற கோடு துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாகப் பெருவிரலை அதன் முதுகில் அழுத்தி எடுப்பேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் போலி. நல்ல பிளாஸ்டிக் வியர்க்காது. இது நான் ஏற்படுத்திய விதி. யாரும் மறுத்ததில்லை. மறுக்கிற அளவுக்கு யாருக்கும் எதுவும் தெரியாது.

போலி என்று நான் சொல்லிவிட்டால், அது திரும்பச் சந்தைக்குப் போகக் கூடாது. அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். வாங்கியவரே அதன் தலையைத் திருகிப் பிய்த்து, மூலையில் இருக்கிற சிவப்பு வாளியில் போட வேண்டும். எல்லோரும் பார்க்க. வேறு யாராவது செய்தால் புத்தி வராது.

ஜொவிட்டா என்று எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த பெண் ஒருத்தி, நர்ஸாக இருக்கிறாள். அவள் ஒருநாள் குடைக்காரியைக் கொண்டுவந்தாள். கிழிந்த குடையோடு மழையில் நிற்கிற சண்டைக்காரி அது. கம்பெனி அதற்கு வைத்த பெயர் எங்கள் யாருக்கும் வாயில் நுழையாததால் குடைக்காரி என்போம். என்னிடமும் ஒன்று இருக்கிறது. என் சேகரிப்பில் முதலில் வந்தது அதுதான். அதைத் தொட்டுத் தொட்டுத்தான் நான் அசல் என்றால் என்னவென்று கற்றுக்கொண்டேன். ஜொவிட்டாவுடையது ஒட்டியது. "சார், சோப்புத் தண்ணில கழுவிப் பாக்கட்டுமா?" என்றாள். கழுவினால் போலி அசலாகிவிடுமா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். தலை சுலபத்தில் வரவில்லை, அழுதுகொண்டே திருகினாள். அதோடு கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு பொம்மைக்கு அழுகிறவளுக்கு இந்தப் பழக்கம் எதற்கு.

இனி ராகேஷுக்கு வருகிறேன். தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கும் வெள்ளைத்துரையின் மகன். அந்தக் கடையில் சேலை எடுக்காத குடும்பம் எங்கள் தெருவில் இல்லை. பையனுக்குக் காசு கொட்டிக் கிடந்தது, அடக்கம் வேறு. இரண்டும் சேர்ந்தால் எனக்கு எரிச்சல் வரும். என் காலுக்கடியில் உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் வேதவாக்காகக் கேட்டுக்கொள்வான். அவனுடைய பொம்மைகளையும் நான் வாளிக்கு அனுப்பியிருக்கிறேன். முகம் கோணாமல் திருகிப் போட்டுவிட்டு, "தேங்க்ஸ் சார், இல்லன்னா தெரிஞ்சே இருக்காது" என்பான். அடி வாங்கிவிட்டு நன்றி சொல்கிற ஜாதி.

போன மாதம் அவன் ஜப்பான் போனான். திரும்பி வந்து சனிக்கிழமை எனக்குப் போன் செய்தான். குரலில் தயக்கம். அந்தக் கம்பெனியின் சொந்தக் கடைக்கே போய்க் குடைக்காரி வாங்கினானாம். சென்னைக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தால் ஒட்டுகிறதாம். அவர்களுக்கே எழுதிக் கேட்டானாம். அவர்களுடைய பிளாஸ்டிக் மென்மையானது, சூட்டில் மூடிய பெட்டிக்குள் இருந்தால் கொஞ்சம் வியர்க்கும், சோப்புத் தண்ணீரில் கழுவினால் சரியாகிவிடும் என்று பதில் வந்ததாம். போலிகள்தான் கெட்டிப் பிளாஸ்டிக்கில் வருமாம், அவை எந்தக் காலத்திலும் ஒட்டாதாம்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குடைக்காரி ஒட்டவே ஒட்டாதுன்னு நீங்களே சொல்லிருக்கீங்கல்ல."

ஷோகேஸில் நின்ற என் குடைக்காரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். சத்தியமா. நாளைக்கு என்னுதை எடுத்துட்டு வரேன், நீங்க வெச்சுக்கோங்க. உங்களுதைக் குடுத்துடுங்க, நான் எங்கயாச்சும் போட்டுடறேன். யாருக்கும் தெரியாது. ஜொவிட்டா அக்காவுக்கு மட்டும் நான் ஒண்ணு வாங்கிக் குடுத்துடட்டுமா? பாவம் சார் அவங்க."

அவன் என்னைத் திட்டியிருந்தால் விட்டிருப்பேன், மேடம். கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டிருந்தால்கூட, வேதியியலில் நாலு வார்த்தை சொல்லி உட்கார வைத்திருப்பேன். அவன் இரக்கப்பட்டான். நேற்றுவரை என் காலடியில் கிடந்தவன் எனக்கு அசலைத் தானம் கொடுத்து, என் மானத்தைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளப் பார்த்தான். ஒவ்வொரு ஞாயிறும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படித் தீர்ப்பு சொல்வது?

அடுத்த நாள் நான் பூசைக்குப் போகவில்லை. எங்கள் பக்கம் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். என் பால்கனி கிரில் இற்றுப்போய், வெல்டிங்குக்காக ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குப் போயிருந்தது. குறுக்கே ஒரு கொடிக்கயிறு மட்டும் கட்டியிருந்தேன். காலையில் அதை அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைத்தேன். பால்கனிக் கதவுத் திரையை இழுத்துவிட்டேன்.

ராகேஷ் பெட்டியோடு வந்தான். கூடவே அடையாற்றில் வாங்கிய கேக். காப்பி கொடுத்தேன், குடித்தான். பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் நான் எதையும் ஒத்துக்கொள்வதில்லை என்பது அவனுக்குத் தெரியும். பால்கனிக்குப் போய் என் பக்கம் பார்த்தபடி பிடி என்றேன். கதவைத் திறந்தேன். முகத்தை என் பக்கம் வைத்தபடியே அவன் வெளியே போனதும், வாசலை அடைத்தபடி நான் நின்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே அவன் பின்னால் நகர்ந்தான். இரண்டு கையாலும் குடைக்காரியை ஏந்தியிருந்தான். சென்னையில் பால்கனி என்றால் கிரில் இருக்கும் என்று எவனும் நினைப்பான்.

நான் அவனைத் தள்ளவில்லை என்று உங்களிடம் முதலிலேயே சொன்னேன். அது உண்மை. மேல் மாடியின் நிழல் பொம்மையின் மேல் விழுந்தது. "நிழல் விழுது, பின்னாடி போ" என்றேன். போனான். "போதுமா சார்?" என்று கேட்டான். அவனுடைய குதிகாலைப் பார்த்தேன். "இன்னும் ஒரு அடி" என்றேன். வைத்தான்.

அவ்வளவுதான். நல்ல மாணவன்.

கீழே இறங்கிப் போனேன். எங்கள் வாட்ச்மேன் மெஹபூப் பாஷா உங்களிடம் சொன்னது சரிதான். நான் முதலில் பொம்மையைத்தான் எடுத்தேன். குடையின் கம்பி ஒன்று முறிந்திருந்தது, மற்றபடி சேதமில்லை. சேருகிற கோட்டைப் பார்த்தேன். கண்ணின் அச்சைப் பார்த்தேன். ராகேஷின் வாய் அசைந்துகொண்டிருந்தது. "இன்னா சார் நீ, ஆளு உசிரோட கீறான், பொம்மையப் பாத்துக்கினு நிக்கிறியே" என்று பாஷா கத்தினான். அந்த ஆளுக்கு எல்லாவற்றுக்கும் கத்த வேண்டும். ஆம்புலன்ஸுக்கு அவன்தான் போன் செய்தான். வருவதற்குள் முடிந்துவிட்டது.

நீங்கள் முதலில் இதை விபத்து என்றுதான் எழுதினீர்கள். பிறகு வெள்ளைத்துரை வந்து, தன் மகன் அந்தப் பொம்மையை எனக்குக் கொடுக்கத்தான் எடுத்துப்போனான் என்றார். எதற்குக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் யோசித்தீர்கள். கெட்டிக்காரத்தனம்தான். என் ஷோகேஸிலிருந்து என் குடைக்காரியையும் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். நேற்று மாலை இதே மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டையும் கம்பெனிக்கே அனுப்பிடறேன் சார். எது ஒரிஜினல்னு தெரிஞ்சா விஷயம் தெரிஞ்சுடும்" என்றீர்கள்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் நானாகவே வந்தேன். ராகேஷ் சொன்னதை மேலே அப்படியே எழுதியிருக்கிறேன். எழுதியதால் அதை ஒத்துக்கொண்டதாக ஆகாது. கடைக்காரன் பேச்சைக் கேட்டு வந்த ஒரு சின்னப் பையன், கூட்டத்தில் ஒரு பொய்யைப் பரப்பியிருப்பான். அதைத் தடுத்தேன்.

கிரில் இல்லை என்று தெரிந்தே, சாகட்டும் என்றே, ராகேஷைப் பின்னால் போகச் சொன்னேன். இது கொலை. யாரும் என்னை அடிக்கவோ மிரட்டவோ இல்லை. எந்த மாஜிஸ்திரேட் முன்னாலும் இதையே சொல்கிறேன். தூக்கு என்றாலும் அப்பீல் போக மாட்டேன்.

இனி அந்தப் பொம்மைகளை ஜப்பானுக்கு அனுப்ப அவசியம் இல்லை, மேடம். ராகேஷுடையதை வேண்டுமானால் அனுப்பிக்கொள்ளுங்கள். என்னுடையதை மட்டும் அனுப்பாதீர்கள்.