இரண்டு கதவுகளுக்கு நடுவே

வீட்டுப் பாதுகாப்புக்கு என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும், நாய் மட்டும் வளர்க்காதீர்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன். நாயைக் குறை சொல்லவில்லை. ஆனால் வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்கிறவர் யாராக இருந்தாலும் அது வாலை ஆட்டிவிடும். பூட்டுக்குச் சாவியை மட்டும்தான் தெரியும். காலையில் காபி குடித்துக்கொண்டே நீங்களும் கேட்டீர்கள், உங்கள் வீட்டுக்கு என்ன போடலாம் என்று. என் வாயைக் கிளறத்தான் கேட்டீர்கள் என்பது தெரியும், சார். இருந்தாலும் தொழில் என்று வந்துவிட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

ஜன்னலுக்குக் கம்பி போடுங்கள், அலங்காரக் கம்பி வேண்டாம். அந்தப் பூவும் கொடியும் திருடன் கால் வைத்து ஏறத்தான் வசதி. கேமரா வைப்பதென்றால் முகம் தெரிகிற உயரத்தில் வையுங்கள். பாதிப் பேர் உச்சியில் மாட்டிவிட்டு வருகிறவர் போகிறவர் வழுக்கையை எல்லாம் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நான் போடுவது இரட்டைக் கதவு. நகைக்கடைகளிலும் வங்கிகளிலும் பார்த்திருப்பீர்கள். வெளிக்கதவைத் திறந்து நுழைந்தால் இரண்டு பேர் நெருக்கி நிற்கிற அளவுக்கு ஒரு நடை. வெளிக்கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளே இருப்பவர் ஆளைப் பார்த்துவிட்டுத் திறந்தால்தான் அடுத்த கதவு. வேண்டாத ஆள் என்றால் நடுவிலேயே நிற்க வேண்டியதுதான்.

நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான் வைப்போம். யாராவது சிக்கிக்கொண்டால் அதை அழுத்தினால் வெளிக்கதவு விட்டுவிடும். எந்த இடத்தில் வேலை முடித்தாலும், நானே உள்ளே நின்று, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தி வெளியே வந்த பிறகுதான் கருவிப் பையை மூடுவேன். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "இவரு சொர்க்கத்துக்குப் போனாலும் மொதல்ல வெளிய வர்ற வழி எங்கன்னுதான் கேப்பாரு." சிரித்துக்கொள்வேன். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் நான் கவனக்குறைவாக இருந்தேன் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அதனால்தான் என் வீட்டுக் கதவைப் பற்றி நீங்கள் இத்தனை தடவை கேட்கிறீர்கள்.

என் வீட்டுக்குள் யாரோ வந்து போகிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தது ஒரு நாற்காலியால். என் மனைவி நின்றுகொண்டேதான் சமைப்பாள், பெரும்பாலும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். அடுப்படியில் நாற்காலிக்கு வேலையே இல்லை. ஆனால் சில நாள் நான் வேலை முடிந்து வரும்போது சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று அடுப்பைப் பார்த்தாற்போல இழுத்துப் போட்டிருக்கும். யாரோ உட்கார்ந்து அவள் சமைப்பதைப் பார்த்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள். கை துடைக்கிற துண்டு ஈரமாக இருக்கும். காணாமல் போனது ஒன்றும் இல்லை. ஒன்றையும் எடுக்காமல் போகிறவன்தான் மறுபடி வருவான்.

அந்த நாட்களில் அவள் வேறு மாதிரி இருப்பாள். பாத்திரம் கழுவும்போது ஏதாவது முணுமுணுத்துப் பாடுவாள். நான் தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்க மாட்டாள். என் தட்டில் சாப்பாடு வைத்துவிட்டு வேறு எதையோ நினைத்துச் சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பை நான் கல்யாணமான புதிதில் பார்த்தது. எனக்கு வயிறு எரிந்தது. கோபம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் அது பொறாமைதான். யார் வருகிறார்கள் என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

ஒருநாள் வேலைக்குக் கிளம்பியவன் பாதியில் திரும்பி வந்து எதிர்ச்சாரியில் இருக்கும் சலவைக் கடைக்குள் நின்றேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத முற்பகல். அவன் சாவகாசமாக நடந்து வந்தான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான், அக்கம்பக்கம்கூடப் பார்க்கவில்லை, சொந்த வீட்டைத் திறப்பதுபோலத் திறந்து உள்ளே போனான். சாவியை அவள்தான் கொடுத்திருக்க வேண்டும். அவன் என் மகன்.

மகனை எப்படித் திருடன் என்பது என்று கேட்கிறீர்கள். அவனை நான் வீட்டைவிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். என்னோடு தொழிலுக்கு வரமாட்டேன் என்றான், அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு வாடிக்கையாளர் முன்னால் சொன்னான்: "எங்கப்பா பூட்டு போட்டா வெளிய இருக்கறவன் பயப்பட மாட்டான் சார், உள்ள இருக்கறவங்களுக்குத்தான் மூச்சு முட்டும்." அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மாலையே அவனிடம் சொன்னேன், இனி இந்த வாசல்படியை மிதிக்கக் கூடாது என்று. "சரிப்பா," என்றான். சரி என்று சொல்லிவிட்டு இப்படி என் கண்ணில் மண்ணைத் தூவியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர்கள் வைத்திருந்த ஏற்பாட்டையும் சில நாளில் கண்டுபிடித்தேன். நான் தெருமுனை திரும்பியதும் அவள் தன் போனிலிருந்து அவனுக்கு அழைப்பாள். இரண்டு தடவை மணி அடித்ததும் துண்டித்துவிடுவாள். அப்பா கிளம்பியாகிவிட்டது, வா என்று அர்த்தம். மணி அடிக்காவிட்டால் வரக்கூடாது. அவன் திருப்பிக் கூப்பிடவும் கூடாது. அவள் போனில் பார்த்தேன், அத்தனை அழைப்பும் மிஸ்டு கால், ஒன்றில்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் பிள்ளையும் காதும் காதும் வைத்தாற்போல நடத்தியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு இரட்டைக் கதவு போட்டேன். நாமே போடாவிட்டால் ஊருக்கு எப்படிச் சொல்வது என்றேன், அவள் நம்பினாள். வெளிக்கதவில் தெருப் பக்கம் மட்டும் சாவித் துவாரம். நடையில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் போவதென்றாலும் விரல் வைக்க வேண்டும், என் விரல் அல்லது அவள் விரல். வீட்டுக்குள்ளிருந்து சாதாரணக் கைப்பிடியே போதும். வெளிக்கதவுக்குப் பழைய பூட்டையே வைத்துக்கொண்டேன். நல்ல பூட்டு, மாற்ற மனம் வரவில்லை. அதனால் அவனிடம் இருந்த சாவி தொடர்ந்து வேலை செய்தது. அவன் சாவி போட்டு நடைக்குள் வருவான், கதவு சாத்திக்கொள்ளும், அவள் உள்ளிருந்து அடுத்த கதவைத் திறப்பாள். போகும்போது அவள் விரல் வைத்து அனுப்புவாள். இப்படியும் பல தடவை வந்து போனான். நான் விட்டுவைத்தேன். பழக்கப்படட்டும் என்று நினைத்தேன்.

கதவு மாட்டிய அன்றைக்கே அவள் கேட்டாள். "ஏங்க, யாராவது நடுவுல மாட்டிக்கிட்டா என்னங்க பண்றது?"

"செவப்புப் பொத்தான் இருக்குல்ல."

"அழுத்திப் பாக்கட்டுமா?"

"வேண்டாம். சைரன் அடிக்கும், தெருவே கூடிடும். தேவைப்பட்டா மட்டும் அழுத்து."

இதை அவள் அவனிடமும் சொல்லியிருக்கிறாள். எதையும் அவனிடம் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது.

அந்த நாளைப் பற்றி. அவளுடைய அக்கா எங்களை மதியச் சாப்பாட்டுக்கு வெகு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும், இன்றைக்கே போகலாம் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். அவள் புடவை மாற்றுவதற்குள் நடையின் இரண்டு பக்கச் சுவருக்கும் பெயிண்ட் அடித்து முடித்தேன்.

"இன்னிக்கேவா அடிக்கணும்? நாத்தம் தாங்கல."

"வீட்ல ஆள் இல்லாதப்ப அடிச்சாத்தானே கையில ஒட்டாம காயும்?"

மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. தூசி, பெயிண்ட் வாசனை, எதுவும் ஆகாது. எத்தனையோ தடவை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருக்கிறேன். அவன் மூச்சு இழுக்கும் சத்தம் என் கழுத்துக்குப் பக்கத்திலேயே கேட்கும். அவன் சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் ஒன்று இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கதவு ஓரங்களில் ரப்பர் ஒட்டியிருந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அது எறும்பு வராமல் இருப்பதற்கு.

அக்கா வீட்டில் பெண்கள் இருவரும் சமையலறையில் இருந்தார்கள். மனைவியின் கைப்பை கூடத்தில் என் பக்கத்தில் இருந்தது. அவள் போனை எடுத்து அவனை அழைத்தேன். இரண்டு தடவை மணி அடித்ததும் துண்டித்து, போனைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

நடையில் கம்பி இழுத்து வைத்திருந்த கேமராவை என் போனில் பார்க்கலாம். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அவன் உள்ளே வந்தான். கையில் ஒரு காகிதப் பை. அவளுடைய முழங்கால் வலிக்கு மாட்டிக்கொள்ளும் உறை அது என்று பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள். கதவு சாத்திக்கொண்டது. அவன் உள்கதவின் பளபளப்பில் முகம் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டு நின்றான். சுவரில் பெயிண்ட் ஈரமாக இருப்பதைக் கவனித்து, பை படாமல் மார்போடு அணைத்துக்கொண்டான். அம்மா கை கழுவிக்கொண்டு வருவாள் என்று நினைத்திருப்பான். பொறுமையாகத்தான் நின்றான்.

பிறகு கதவைத் தட்டினான். போனை எடுத்துப் பார்த்தான். நடையின் உள்பக்கம் முழுக்க இரும்புத் தகடு, டவர் கிடைக்காது. வங்கிக்காரர்கள்கூட இதைக் குறையாகச் சொல்வார்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தினான். முதலில் சும்மா ஒரு விரலால், தெரு கூடிவிடப் போகிறது என்று கூச்சப்படுகிறவன்போல. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளங்கையால் அழுத்தினான், பிறகு முஷ்டியால்.

மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "சாப்பிடறப்பகூட என்னங்க போன்ல?"

"வீட்டுக் கேமரா. நடையில ஒரு பூனை மாட்டிக்கிச்சு."

"ஐயோ பாவம். எப்படி உள்ள போச்சு?" எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி பைக்குள் இருந்தது. "பெயிண்ட் வேற அடிச்சிருக்கு. போன்லயே தொறந்து விட முடியாதா?"

"முடியும். தொறந்தா வீட்டுக்குள்ள வந்துடுமே."

"வந்தா வரட்டும். ஒரு வாய் பாலைக் குடிச்சுட்டுப் போகட்டும்."

"போய்ப் பாத்துக்கலாம்," என்றேன். அவள் அக்கா, பூனைக்குக்கூட இவள் கரைகிறாள் என்று கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தோம்.

அவன் இன்ஹேலரை எடுத்தான், குலுக்கினான், மறுபடி குலுக்கினான். அதன் பிறகு சுவரில் சாய்ந்துவிட்டான். ஈரத்தைப் பற்றி யோசிக்கவில்லை. கேமராவை நேராகப் பார்த்தான். நான்தான் பார்க்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது, அந்த முகத்தில் தெரிந்தது. ஏதோ சொன்னான். அந்தக் கேமராவில் ஒலி கிடையாது. ஒலி உள்ளதும் கடையில் இருந்தது, நான் இதைப் போதும் என்று வாங்கினேன். அவன் உதடு ஒரு தடவை சேர்ந்து பிரிந்தது. அப்பா என்று சொல்லியிருக்கலாம், அம்மா என்றும் சொல்லியிருக்கலாம். திறக்கும் குறி என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் மோர் கேட்டேன்.

மாலையில் திரும்பினோம். சாவி அவள் கையில் இருந்தது. அவள்தான் திறந்தாள். வரும் வழியெல்லாம் பூனையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள், ஒரு பாக்கெட் பால்கூட வாங்கியிருந்தாள்.

பொத்தானைக் கழற்றிப் பார்த்த உங்கள் ஆள், பின்னால் கம்பியே இல்லை என்றார். இணைக்க மறந்துவிட்டேனா என்று நீங்கள் கேட்டபோது, எனக்கு ஒரு வழி திறந்துவிடுகிறீர்கள் என்று புரிந்தது. நன்றி. ஆனால் என் வேலையைப் பற்றி அப்படி எழுதிவிடாதீர்கள். கம்பி கையில் இருந்தது. அளந்து வெட்டியிருந்தேன். சுருட்டிப் பையில் திரும்ப வைத்தேன், பொத்தானை வெறும் சுவரில் திருகினேன். அந்த ஒரு வீட்டில் மட்டும் நான் உள்ளே நின்று சோதிக்கவில்லை. மறந்து செய்தது எதுவும் இல்லை.

மனைவி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாளாம். என்னைப் பார்க்க வரமாட்டேன் என்றாளாம். துக்கத்தில் இருக்கிறாள், போகப் போகச் சரியாகிவிடுவாள். ஆனால் போகும்போது இரண்டு கதவையும் அகலத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று சலவைக் கடைக்காரர் சொன்னதாகச் சொன்னீர்கள். யாரையாவது அனுப்பிச் சாத்தச் சொல்லுங்கள், சார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு குண்டூசிகூடக் காணாமல் போனதில்லை.